சிமுலேட்டரில் ஆர்.சி. ஹெலிகாப்டர் பழகுவது: முதல் ஹோவரிலிருந்து மைதானம் வரை

நான் வாங்கிய முதல் ஆர்.சி. ஹெலிகாப்டர், அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்ன ஹெலிகாப்டர், நான்கு விநாடி பறந்தது. 450 ரகம், அதாவது சின்ன அளவு. எண் கூடினால் ஹெலிகாப்டரும் பெரிது. பெட்டியைப் பிரித்து, மாட்டி, சார்ஜ் போட்டு, ஊருக்கு வெளியே ஒரு வெற்று மைதானத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு சாண் எழும்பியதும் தானாக இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. பதறிப்போய் ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினேன். தேவைக்கு மூன்று மடங்கு தள்ளிவிட்டேன். விசிறி மண்ணைத் தொட்டது, 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெயின் பிளேடு இரண்டும் போச்சு, ஸ்பிண்டில் வளைந்தது, மெயின் கியரில் பல் உதிர்ந்தது, டெயில் பூம் முறிந்தது. உதிரிபாகம் வந்துசேர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில்தான் சிமுலேட்டர் என்ற, கணினித் திரையில் ஓட்டிப் பழகும் மென்பொருளைத் தொட்டேன். வரிசை அப்படியே தலைகீழ்.

ஆர்.சி. ஹெலிகாப்டர் என்றால் நம் ஊரில் "அஜித் விடுவாரே, அதுவா?" என்று கேட்பார்கள். அதேதான். கேமரா ட்ரோன் வேறு, இது வேறு. ட்ரோனில் ஸ்டிக்கை விட்டுவிட்டால் அது நேராகி அங்கேயே நிற்கும். பழகுவதற்கான ஆர்.சி. விமானமும் ஓரளவு அப்படித்தான். இரண்டு இறக்கையும் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது அதைத் தானாக நிமிர்த்திவிடும். ஹெலிகாப்டரில் ஸ்டிக்கை விட்டால் சாய்ந்தது சாய்ந்தபடியே இருக்கும், அந்தச் சாய்வின் திசையிலேயே வேகமெடுத்துப் போகும். ஸ்டிக் சொல்வது "இவ்வளவு சாய்" என்று அல்ல, "இந்த வேகத்தில் சாய்ந்துகொண்டே இரு" என்று. இந்த ஒரு வரி புரியாமல்தான் பாதிப் பேர் முதல் நாளே உடைக்கிறார்கள்.

புரிந்துகொண்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. தலையில் கரகம் வைத்து ஆடுகிறவர் ஒவ்வொரு அசைவுக்கும் யோசிப்பதில்லை, கழுத்துக்குத் தெரியும். அதுபோல இங்கே விரலுக்குத் தெரியவேண்டும். சிமுலேட்டர் தருவது அறிவு அல்ல, அந்த விரல் பழக்கம். அதனால்தான் சிமுலேட்டரில் (சுருக்கமாக சிம்) எதைச் செய்தாலும் நிதானமாக, சலிப்புத் தட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறேன். தப்பாகப் பழகினாலும் விரல் அதையும் உண்மையாகவே பழகிக்கொள்ளும்.

ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் கட்டுப்பாட்டுக்கு அடங்கும் ஆர்.சி. ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டது 1970 வாக்கில். அந்தத் தலைமுறைக்கு சிமுலேட்டரும் இல்லை, சுழற்சியை உணர்ந்து திருத்தும் இன்றைய ஜைரோ கருவியும் இல்லை. உடைத்து உடைத்தே கற்றார்கள். நமக்கு அந்தத் தலையெழுத்து இல்லை.

என்ன வாங்குவது, எந்த வரிசையில்

முதலில் டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் ரிமோட்), அடுத்து சிமுலேட்டர், கடைசியில் ஹெலிகாப்டர். பெரும்பாலோர் நான் செய்ததுபோல இதைத் திருப்பிச் செய்கிறார்கள்.

வீடியோ கேம் கன்ட்ரோலர் வேண்டாம். அதன் ஸ்டிக் குட்டையானது, இரண்டுமே ஸ்பிரிங் போட்டு நடுவுக்கு வந்துவிடும். ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் கலெக்டிவ் ஸ்டிக்குக்கு ஸ்பிரிங்கே கூடாது, வைத்த இடத்தில் நிற்கவேண்டும். நாளை மைதானத்தில் எதைக் கையில் பிடிக்கப் போகிறீர்களோ அதையே சிம்மிலும் பிடியுங்கள். எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் ஓடும் ரேடியோமாஸ்டர், ஜம்பர் போன்ற டிரான்ஸ்மிட்டர்களை யு.எஸ்.பி. கேபிளில் செருகினால் கணினி அவற்றை ஜாய்ஸ்டிக்காக எடுத்துக்கொள்ளும். ஸ்பெக்ட்ரம் நிறுவன டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்களுக்கு கேபிள் இல்லாமல், கணினியில் செருகும் தனி டாங்கிள் உண்டு.

வாங்கும் முன் எந்த மோடு, அதாவது எந்த ஸ்டிக்குக்கு எந்த வேலை, என்று முடிவு செய்யுங்கள். மோடு 2 என்றால் இடது ஸ்டிக்கில் கலெக்டிவும் ரட்டரும் (வாலைத் திருப்புவது), வலது ஸ்டிக்கில் சைக்ளிக் முழுவதும், அதாவது எலிவேட்டரும் (முன்பின் சாய்ப்பது) எய்லரானும் (இடம் வலம் சாய்ப்பது). ஜப்பானில் பரவலான மோடு 1-ல் எலிவேட்டர் இடது கைக்கும் கலெக்டிவ் வலது கைக்கும் போய்விடும். எது உயர்ந்தது என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது. உங்களுக்குக் கற்றுத்தரக்கூடியவர் அருகில் இருந்தால் அவருடைய மோடையே எடுங்கள். அவசரத்தில் அவர் கையில் கொடுத்தால் காப்பாற்றுவார். யாரும் இல்லையென்றால் மோடு 2. ஒன்றைப் பிடித்தபின் மாற்றாதீர்கள்.

சிமுலேட்டர்களில் ரியல்ஃபிளைட் பழைய பெயர். 1997-லிருந்து இருக்கிறது, விண்டோஸில் ஓடும், விமானம் ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு. நெக்ஸ்ட் என்ற சிமுலேட்டர் ஹெலிகாப்டரையே மையமாக வைத்து எழுதப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆக்யூஆர்சி, ஹெலி-எக்ஸ், ஏரோஃபிளை ஆர்.சி. என்று இன்னும் இருக்கின்றன. ஆரம்பக்காரருக்கு இவற்றின் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. டெமோ கிடைப்பதைப் போட்டுப்பார்த்து, உங்கள் கணினியில் விக்காமல் ஓடுவதை எடுங்கள். விநாடிக்கு 60 ஃபிரேமாவது வரவேண்டும். மரம், புல், நிழல் எல்லாவற்றையும் குறைத்துவிடுங்கள், பாதகமில்லை. டிவியில் இணைத்தால் கேம் மோடைப் போடுங்கள். இல்லாவிட்டால் விரல் அசைந்து சற்றுக் கழித்துத்தான் படம் அசையும். அந்தத் தாமதத்தோடு பழகுவது, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடை பழகுவது மாதிரி.

சிமுலேட்டரைச் சரிசெய்தல்

இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். "சிம் சரியில்லை" என்று புலம்புகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை இந்தக் கட்டத்தில்தான்.

டிரான்ஸ்மிட்டரில் சிம்முக்கென்று புதிதாக ஒரு மாடல் உருவாக்குங்கள். அதில் எந்த மிக்ஸும் (ஒரு ஸ்டிக்குக்கு இரண்டு வேலை) வேண்டாம், எந்த வளைவும் (ஸ்டிக் அசைவை மாற்றி அனுப்பும் கர்வ்) வேண்டாம், டிரிம் (நடுநிலைத் திருத்தம்) எல்லாம் பூஜ்யம். முக்கியமாக, ஹெலிகாப்டர் மாடலில் ஸ்வாஷ் பிளேட் (விசிறியின் பிளேடு கோணத்தை மாற்றும் தட்டு) வகை 120 டிகிரி என்று இருந்தால் கலெக்டிவை ஏற்றும்போது மூன்று சேனலும் (சர்வோ மோட்டார்களுக்குப் போகும் கட்டளைகள்) சேர்ந்து நகரும். சிம்முக்கு அது புரியாது. ஹெலிகாப்டர் ஏறும்போதே ஒருபக்கம் குப்புறச் சாயும். ஒரே சர்வோ ஸ்வாஷ் என்று வையுங்கள், அல்லது விமான மாடலாகவே வைத்துவிடுங்கள். ஒரு ஸ்டிக்குக்கு ஒரு சேனல் என்று சுத்தமாகப் போகவேண்டும். பிறகு சிம்மின் காலிபிரேஷன் திரையில் ஒவ்வொரு ஸ்டிக்கையும் மூலைவரை சுற்றிக்காட்டுங்கள். இரண்டு சுவிட்சுகளையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்: ஒன்று ஐடில் அப் (தலைகீழ் வித்தைகளுக்கானது), இன்னொன்று த்ராட்டில் ஹோல்ட் (மோட்டாரை நிறுத்துவது). இரண்டாவதைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

சிம்முக்குள் 600 அல்லது 700 ரக, ஃபிளைபார் (விசிறித் தலையில் குறுக்காக இருக்கும் சமநிலைக் கம்பி) இல்லாத ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுங்கள். வாங்கப்போவது சின்னது என்றாலும் பரவாயில்லை. பெரியது நிதானமாக அசையும், திரையில் நன்றாகத் தெரியும். சைக்ளிக் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்குவது) 25 சதவீதம் போடுங்கள். காற்று பூஜ்யம். கேமரா தரையில் நிற்கும் மனிதனின் கண்ணாக இருக்கவேண்டும். ஹெலிகாப்டரின் பின்னாலேயே ஓடும் கேமராவில் ஓட்டுவது ஜாலியாக இருக்கும், ஆனால் மைதானத்தில் அந்தக் கேமரா கிடையாது.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். நாற்பது பக்கம் போதும். சிம்மில் மோதினால் ஒரு பட்டனில் எல்லாம் புதிதாகிவிடும். அதுதான் அதன் வசதி, அதுதான் அதன் விஷமும். நான் ஒவ்வொரு மோதலையும் 3,500 ரூபாய் என்று எழுதிக்கொண்டேன், முதல் நாள் மைதானத்தில் எனக்கு ஆன செலவு அது. முதல் வாரம் 61 மோதல். கூட்டினால் 2,13,500 ரூபாய். நோட்டைப் பார்த்த மனைவி, "என்னங்க இது, யாருக்குக் குடுக்கணும் இவ்ளோ?" என்று உண்மையாகவே பயந்துவிட்டாள். ஆனால் இரண்டாம் வாரத்திலிருந்து விரல் தயங்க ஆரம்பித்தது. அந்தத் தயக்கம்தான் வேண்டும்.

முதல் படி: வால் நம் பக்கம்

ஹெலிகாப்டரின் வால் உங்களைப் பார்த்து, மூக்கு எதிர்ப்பக்கம். இதில் இடது இடதுதான், வலது வலதுதான். சில சிமுலேட்டர்களில் ஹோவர் (ஓரிடத்தில் மிதந்து நிற்பது) பயிற்சி என்று ஒன்று இருக்கும். ஒரு கட்டுப்பாட்டை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டு மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். முதலில் எலிவேட்டர் மட்டும், பிறகு எய்லரான், பிறகு இரண்டும், கடைசியில் கலெக்டிவும் ரட்டரும். கூச்சப்படாமல் இதைப் பயன்படுத்துங்கள்.

சுமார் எட்டு மீட்டர் தள்ளி, கண் உயரத்தில் நிறுத்தப் பாருங்கள். எல்லோரும் செய்வது, பயத்தில் தரையோடு ஒட்டிக்கொள்வது. விசிறியின் விட்டத்துக்கும் குறைவான உயரத்தில், தான் கீழே தள்ளிய காற்றின் மேலேயே ஹெலிகாப்டர் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் தடவிய தட்டில் கோலிகுண்டு போல வழுக்கும். மேலே வந்தால் அமைதியாகிவிடும், தவறைத் திருத்தவும் இடம் கிடைக்கும்.

இப்போது விரலில் என்ன நடக்கவேண்டும் என்று பாருங்கள். ஹெலிகாப்டர் இடப்பக்கம் நகர்கிறது. வலது பக்கம் ஸ்டிக்கை ஒரு தட்டுத் தட்டி நடுவுக்குக் கொண்டுவருகிறீர்கள். அது வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. இன்னும் இடப்பக்கம்தான் நகர்கிறது, ஆனால் வேகம் குறைகிறது. இங்கேதான் எல்லோரும் பொறுமை இழந்து இன்னொரு தட்டுத் தட்டுவார்கள். வேண்டாம், காத்திருங்கள். நகர்வு நிற்கப்போகும் தறுவாயில் இடப்பக்கம் ஒரு சின்னத் தட்டு: சாய்வு நேராகும், ஹெலிகாப்டர் நிற்கும். ஆக ஒவ்வொரு திருத்தமும் இரண்டு தட்டு: கொடுத்தது ஒன்று, திரும்ப எடுத்தது ஒன்று. இரண்டாவதை மறந்தால் மறுபக்கம் ஓடும். பிறகு அதைத் துரத்தி, இதைத் துரத்தி, வட்டம் பெரிதாகிக்கொண்டே போய் வேலியில் முடியும்.

பார்வையை ஸ்கிட் (தரையில் நிற்கும் கால்கள்) மேல் வைக்காதீர்கள். விசிறித் தட்டை, அதாவது விசிறி சுற்றும்போது தெரியும் வட்டத்தை, பாருங்கள். ஹெலிகாப்டர் நகர்வதற்கு முன்பே அந்தத் தட்டு சாயும். அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றைக் கவனிப்பீர்கள்: நன்றாக நிற்கும்போதும் ஹெலிகாப்டர் சற்று வலப்பக்கம் சாய்ந்தே நிற்கும். கோளாறு இல்லை. விசிறி மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் மாடல்களில், உடல் எதிர்ப்பக்கம் திரும்பாமல் இருக்க வால் விசிறி இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலை ஈடுகட்டத்தான் இந்தச் சாய்வு. என் முதல் ஹெலிகாப்டர் தானாக இடப்பக்கம் போனதற்குக் காரணம் இதுதான் என்று ஒரு மாதம் கழித்துப் புரிந்தது.

ஒரு நாளைக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். அதற்குமேல் போனால் விரல் சோர்ந்து தப்பைத்தான் பழகும். ஒரு மீட்டர் சதுரத்துக்குள் இரண்டு நிமிடம் விடாமல் நிறுத்த முடிந்தால் அடுத்த படி.

பக்கவாட்டு

வாலை ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். கடிகார முள் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்கு நகர்வதுபோலக் கொஞ்சம், அங்கே சில நிமிடம், அப்புறம் இன்னும் கொஞ்சம். இரண்டு பக்கமும். நமக்கு ஒரு பக்கம் பிடித்த பக்கமாக இருக்கும். பிடிக்காத பக்கத்துக்கு இருமடங்கு நேரம் கொடுங்கள்.

முழுப் பக்கவாட்டில் எலிவேட்டரும் எய்லரானும் வேலை மாற்றிக்கொள்ளும். திரையில் இடம் வலமாக நகர்த்துவது இப்போது எலிவேட்டர். கிட்டே வரவைப்பதும் தள்ளிப் போகவைப்பதும் எய்லரான். மூக்கு வலப்பக்கம் பார்க்கும்போது எய்லரானை வலது தள்ளினால் உங்களை நோக்கி வரும். மூக்கு இடப்பக்கம் பார்க்கும்போது அதே வலது, விலகிப் போகவைக்கும். இதை மனப்பாடம் செய்யாதீர்கள். ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்திருக்கிற ஆளாக உங்களை நினைத்துக்கொண்டால் அது தானாக வரும். தூரத்தைக் கணிப்பது தட்டைத் திரையில் கஷ்டம். தரையில் விழும் நிழலைப் பாருங்கள்.

மூக்கு நம்மைப் பார்த்து

இதுதான் மலை. பலர் இதைத் தாண்டாமலே வருடக்கணக்கில் வாலைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் காற்றடித்து மூக்குத் திரும்பும், அன்றோடு அந்த ஹெலிகாப்டர் முடிந்தது.

மூக்கு நம்மைப் பார்க்கும்போது அதன் வலது நம் இடது. பக்கவாட்டுச் சாய்வுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது: சாய்கிற பந்தலுக்கு முட்டுக்கொடுப்பது போல, எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். உங்கள் இடப்பக்கம் சாய்கிறதா, ஸ்டிக் இடது. முட்டுக்கொடு, முட்டுக்கொடு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். வீட்டில் சிரித்தார்கள். பரவாயில்லை, மூன்று நாளில் வந்தது.

எலிவேட்டருக்கு அப்படி ஒரு கைத்தடி கிடையாது. ஹெலிகாப்டர் உங்களை நோக்கி வருகிறது. மனித இயல்பு என்ன செய்யும்? "போ" என்று தள்ளும். ஸ்டிக்கை முன்னே தள்ளினால் மூக்குத் தாழும், இன்னும் வேகமாக உங்கள் மேலேயே வரும். உங்கள் பக்கம் இழுத்தால்தான் அது பின்வாங்கும். நிஜத்தில் இந்த ஒரு தவறு ஆளையே அடித்துவிடும் என்பதால், சிம்மில் வேண்டுமென்றே பயிற்சி செய்யுங்கள்: மூக்கு நம் பக்கம் வைத்து, மெல்ல முன்னே வரவிட்டு, ஐந்து மீட்டரில் இழுத்து நிறுத்தி, பின்னே அனுப்பி, மறுபடி வரவிடுங்கள். நூறு முறை. எனக்கு இந்த ஒரு பயிற்சி மட்டும் ஒன்றரை வாரம் பிடித்தது. நோட்டில் 38 மோதல்.

வழி தவறினால் தப்பிக்க ஒரு சந்து வையுங்கள்: கலெக்டிவைச் சற்று ஏற்றி உயரம் எடுத்து, வாலை நம் பக்கம் திருப்பிவிடுவது. உயரம் என்பது யோசிக்கக் கிடைக்கும் நேரம்.

மூக்கு நம்மைப் பார்த்து நிற்க ஆரம்பித்ததும் எட்டுத் திசையிலும் நிறுத்திப் பாருங்கள். பிறகு மெதுவான பிரூவெட், அதாவது நின்ற இடத்திலேயே வாலைச் சுற்றுவது. ஒரு சுற்றுக்கு முப்பது விநாடி. பதினைந்து. எட்டு. எந்தக் கோணத்தில் தடுமாறுகிறீர்களோ அந்தக் கோணத்தைத்தான் நீங்கள் இன்னும் கற்கவில்லை. திரும்பிப் போய் அங்கேயே பத்து நிமிடம் நில்லுங்கள். இந்தக் கட்டத்தில் காற்றையும் மணிக்கு 10 கி.மீ. அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

நகர்தல்

ஹோவர் வந்துவிட்டால் இது எளிது, உற்சாகமாகவும் இருக்கும். முதலில் ஒரு சதுரம், பிறகு படுத்த எட்டு. எட்டில் இரண்டு முனையிலும் மூக்கு உங்களைவிட்டு விலகித் திரும்பும்படி போங்கள். பழகியபின் உங்களை நோக்கித் திருப்பலாம்.

திருப்பத்தில் எய்லரானால் சாய்த்து, எலிவேட்டரைச் சற்று இழுத்துப் பிடித்து, ரட்டரால் வாலைப் பாதையில் வைத்து, கலெக்டிவால் உயரத்தைக் காக்கவேண்டும். நான்கும் சேர்ந்து. வேகம் கூடும்போது விசிறிக்குப் புதுக் காற்று கிடைத்து ஹெலிகாப்டர் தானாக மேலேறும். வேகம் குறைந்து ஹோவருக்கு வரும்போது திடீரென்று அமுங்கும். அமுங்கும் முன்பே கலெக்டிவ் ஏறியிருக்கவேண்டும். நேர்க்கீழாக வேகமாக இறக்காதீர்கள். தன் காற்றுக்குள்ளேயே விழுந்து ஆட்டம் காணும். கொஞ்சம் முன்னே நகர்ந்தபடி இறக்குங்கள்.

த்ராட்டில் ஹோல்ட்: மறக்கவே கூடாத சுவிட்ச்

இது மோட்டாரை உடனே நிறுத்தும் சுவிட்ச். மோதல் தவிர்க்க முடியாது என்று தெரிந்த நொடியில் விரல் இதைத் தட்டவேண்டும். ஓடுகிற மோட்டாரோடு தரையில் அடித்தால் பிளேடு மட்டுமல்ல, கியரும் ஷாஃப்டும் சர்வோவும் சேர்ந்து போகும். மோட்டாரும் கருகலாம்.

சிம்மில் நாம் செய்யும் பெரிய தப்பு, மோதப்போகிறது என்றதும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பது. ஒவ்வொரு மோதலுக்கு முன்னும் ஹோல்டைத் தட்டுங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் தட்டுங்கள். என் நோட்டில் இதற்குத் தனிப் பத்தி: தட்டினால் 3,500, தட்டாவிட்டால் 7,000.

இதே சுவிட்சில்தான் ஆட்டோரொட்டேஷனும், அதாவது மோட்டார் இல்லாமல் இறக்குவதும். மோட்டார் நின்ற ஹெலிகாப்டர் கல் மாதிரி விழாது. முன்னே போய்க்கொண்டிருக்கும்போது முப்பது மீட்டர் உயரத்தில் ஹோல்டைத் தட்டுங்கள். தட்டியதும் கலெக்டிவைப் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, பிளேடு கோணம் மைனஸ் இரண்டு, மூன்று டிகிரிக்கு வரும்படி இறக்குங்கள். கீழிருந்து வரும் காற்று விசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்வேகத்தை விடாதீர்கள். மூன்று நான்கு மீட்டரில் எலிவேட்டரை இழுத்து வேகத்தைக் கொல்லுங்கள், ஒரு மீட்டரில் மூக்கை நேராக்குங்கள், மிச்சமிருக்கும் சுழற்சியைக் கலெக்டிவ் ஏற்றிச் செலவழித்து உட்காரவையுங்கள். கலெக்டிவ் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். சீக்கிரம் செலவழித்தால் இரண்டு மீட்டரில் காலியாகி விழும். முதல் ஐம்பதும் அப்படித்தான் போகும்.

தலைகீழ், ஃபிளிப், லூப் எல்லாம் ஐடில் அப்பில். அதில் த்ராட்டில் (மோட்டாரின் வேகம்) மாறாது, கலெக்டிவ் நடுவில் பூஜ்யம், கீழே போனால் எதிர்மறை. தலைகீழ் ஹோவரையும் வால் பக்கத்திலிருந்தே தொடங்கி, மேலே சொன்ன அத்தனையையும் மறுபடி செய்யவேண்டும். அது இன்னொரு வருடத்தின் வேலை. அவசரம் இல்லை.

சிமுலேட்டர் சொல்லித்தராதவை

பயத்தைச் சொல்லித்தராது. 450 ரகத்தின் விசிறி சுமார் 70 செ.மீ. விட்டம், நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால் பிளேடு நுனி மணிக்கு 370 கி.மீ. வேகத்தில் போகிறது. 700 ரகத்தில் 2,000 சுற்றுக்கே 600 கி.மீ.யை நெருங்கும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பூங்காவில், நன்றாக ஓட்டத் தெரிந்த 19 வயது இளைஞர் தன் ஹெலிகாப்டர் அடித்தே இறந்தார். கூட்டத்தில் ஓட்டக்கூடாது, மொட்டை மாடியில் ஓட்டக்கூடாது, குழந்தைகள் ஓடிவரக்கூடிய இடத்தில் ஓட்டக்கூடாது.

இயந்திர வேலையும் சிம்மில் கிடையாது: பிட்ச் (பிளேடின் கோணம்) அளப்பது, இரண்டு பிளேடும் ஒரே தளத்தில் சுற்றுகிறதா என்று பார்ப்பது, அதிர்வைத் தேடுவது. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தனிப் பாடம். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், அதற்குமேல் போகக்கூடாது. சும்மா வைக்க 3.8, சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போகக்கூடாது.

இந்தியாவில் ஓட்டுவதாக இருந்தால் 2021 ட்ரோன் விதிகள் இதற்கும் பொருந்தும். பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் ஓட்டும் 25 கிலோவுக்கு உட்பட்டவற்றை அந்த விதிகள் மாடல் என்று தனி வகையாகவே சொல்கின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் மைதானம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விமான நிலையம் பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம்.

மைதானத்தில் முதல் பேட்டரி

நான் நாற்பது மணி நேரம் சிம்மில் ஓட்டியபின் திரும்பப் போனேன். உங்களுக்கு இருபது போதலாம், அறுபது ஆகலாம். மணியைவிட, எட்டுத் திசையிலும் காற்றோடு நிறுத்த முடிகிறதா என்பதுதான் அளவு.

விடியற்காலை போங்கள், காற்று இருக்காது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஸ்கிட்டுக்கு அடியில் குறுக்காகக் கட்டும் பந்து வைத்த பயிற்சிக் குச்சிகளை வெட்கப்படாமல் மாட்டுங்கள். பேட்டரியைச் செருகியதும் ஜைரோ விழித்துக்கொள்ளும்வரை ஹெலிகாப்டரைத் தொடாதீர்கள். மோட்டாரை ஓடவிடாமல், வாலைக் கையால் திருப்பிப் பாருங்கள். வால் பிளேடு எதிர்த்து வேலை செய்கிறதா என்று தெரியவேண்டும். ஸ்வாஷ் சொன்ன பக்கம் சாய்கிறதா, ஹோல்ட் வேலை செய்கிறதா, டிரான்ஸ்மிட்டர் சிக்னல் போனால் மோட்டார் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரில் தேர்ந்தெடுத்திருப்பது சிம் மாடல் இல்லை என்பதை இரண்டு முறை சரிபாருங்கள். சிரிக்காதீர்கள், நடக்கும்.

பத்து மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள். விசிறி முழு வேகத்துக்கு வரட்டும். தரையில் நிற்கும்போது சைக்ளிக்கைத் தொடாதீர்கள்: நீங்கள் "சாய்" என்று சொல்வதையும் அது சாய முடியாமல் தரை தடுப்பதையும் ஃபிளைபார் இல்லாத ஜைரோ மனதில் வைத்துக்கொண்டே போகும், எழும்பும் நொடியில் மொத்தமாகத் தீர்த்துக்கொள்ளும். பாதி எழும்பி பாதி உட்கார்ந்த நிலையில் இழுக்காமல், தயங்காமல் கண் உயரத்துக்கு ஏற்றுங்கள். சற்று வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். தெரிந்ததுதானே.

டைமரை நான்கு நிமிடத்துக்கு வையுங்கள். அன்று வால் நம் பக்கம் மட்டும், வேறொன்றும் வேண்டாம். கை நடுங்கும். எனக்கு முழங்காலும் நடுங்கியது. இறக்கியதும் ஹோல்டைத் தட்டி, விசிறி முழுதாக நின்றபின் கிட்டப்போய், முதலில் பேட்டரியைக் கழற்றி, மோட்டாரைத் தொட்டுச் சூடு பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் கியரோ பிட்சோ ஏதோ தப்பு. அடுத்த பேட்டரியைப் போடாமல் வீட்டுக்குப் போங்கள்.

என்னுடையது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இரண்டாவது பேட்டரியையும் போட்டு ஓட்டிவிட்டு, வண்டியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து அன்றைய செலவை எழுதினேன்: தண்ணீர் பாட்டில், 20 ரூபாய்.